இருக்கைக்குக் கீழே ஆறு இலக்கங்கள்

2007 மார்ச் 5, திங்கட்கிழமை. காலை பத்து மணி ஏழு நிமிடத்துக்கு நேசமலர் கதிர்காமநாதன் கொழும்பு புதுக்கடை நீதிமன்றப் படிகளில் ஓடி ஏறினார். வேலுசாமி என்ற பெயரை ஒன்பதே முக்காலுக்கே கூப்பிட்டு முடித்திருந்தார்கள். கூண்டில் நின்ற வேலுசாமிக்குச் சிங்களம் தெரியாது. நீதவானுக்குத் தமிழ் தெரியாது. இருவருக்கும் நடுவில் நிற்க வேண்டிய மொழிபெயர்ப்பாளர் நேசமலர். அந்த நேரத்தில் அவர் போர்க்காலச் சோதனைச் சாவடியொன்றில் 155 ஆம் இலக்க பஸ்ஸிலிருந்து இறக்கப்பட்டு, வீதியோர வரிசையில் இருபத்தாறாவது ஆளாக நின்றுகொண்டிருந்தார்.

வழக்கு பதினான்கு நாள் தள்ளிப்போனது. வேலுசாமி விளக்கமறியல் சிறைக்குத் திரும்பினார்.

அவர் செய்த குற்றம், அடையாள அட்டை இல்லாமல் கொட்டாஞ்சேனை விடுதியொன்றில் தூங்கியது. பதுளைப் பக்கத்துத் தோட்டத்தில் பிறந்து, வத்தளையில் கோழித்தீன் ஆலையொன்றில் மூட்டை தூக்கியவர். ஆலை முதலாளி கொடுத்த கடிதம் அவருடைய சட்டைப் பையிலேயே இருந்தது. அப்படி ஒரு கடிதம் இருக்கிறது என்று சொல்ல ஒரு வாக்கியம் போதும். அதைச் சொல்ல ஆள் இருக்கவில்லை.

நேசமலருக்கு அப்போது வயது நாற்பத்தொன்பது. யாழ்ப்பாணத்துக் கோண்டாவிலில் பிறந்தவர். 1981 இல் யாழ்ப்பாண நீதிமன்றத்தில் எழுதுநராகச் சேர்ந்து, மொழிப் பரீட்சைகளை ஒவ்வொன்றாக எழுதி முதலியார் ஆனார். நீதிமன்ற மொழிபெயர்ப்பாளரைக் கொழும்பில் இன்னும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பெண்ணென்றால் 'முதலியார் மிஸ்'. 1996 இல் கொழும்புக்கு மாற்றலாகி, கணவருடன் வெள்ளவத்தையில் ஒரு மூன்றாம் மாடி வீட்டில் குடியேறினார். அன்றிலிருந்து பஸ்.

முன்னொரு காலம் அப்படி இல்லை. தொண்ணூறுகளில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, பஸ் இல்லை. கனடாவுக்குப் போன தம்பி விட்டுச்சென்ற ரேஸிங் சைக்கிளில்தான் ஐந்து வருடம் நீதிமன்றத்துக்குப் போய் வந்தார். வளைந்த ஹாண்டில், மெல்லிய ரயர், குறுக்கே கம்பி. முதல் மாதம் ஒழுங்கையில் நின்றவர்கள் சிரித்தார்கள். இரண்டாம் மாதம் காற்றடிக்கப் பம்ப் கேட்டு வந்தார்கள். 1995 இல் ஊரே இடம்பெயர்ந்தபோது அந்தச் சைக்கிளும் போய்விட்டது.

மார்ச் 5 மாலை வீட்டுக்கு வந்ததும் செருப்பைக் கழற்றாமலே சொன்னார்.

"நான் சைக்கிள் எடுக்கப்போறன்."

கணவர் கதிர்காமநாதன் காப்புறுதிக் கம்பனியொன்றில் கணக்காளராக இருந்து ஓய்வுபெற்றவர். பத்திரிகையை இறக்காமலே கேட்டார்.

"உமக்கு விசரே?"

"பஸ்ஸில நாப்பது பேரை இறக்கினால், நாப்பது பேரையும் பாத்து முடியுமட்டும் பஸ்ஸை விடமாட்டாங்கள். சைக்கிளில நான் தனி ஆள். தனி ஆளைப் பாக்க மூண்டு நிமிசம்."

"வெள்ளன வெளிக்கிடுமன்."

"போன கிழமை ஆறு மணிக்கு வெளிக்கிட்டனான். பத்துக்குப் போய்ச் சேந்தனான். கோண்டாவில் எண்டு அடையாள அட்டையில இருந்தால் ஆறு மணியும் ஒண்டுதான், எட்டு மணியும் ஒண்டுதான்."

"சைக்கிளில போற தமிழனைத்தான் முதல்ல மறிப்பான்."

"மறிக்கட்டும். மறிச்சுப் பாத்திட்டு விடட்டும். மறியாமல் விடச்சொல்லி நான் கேக்கேல்லையே."

பத்திரிகை இறங்கியது. "நேசம், உமக்கு அம்பது வயது."

"நாப்பத்தொன்பது."

முதலில் புதுச் சைக்கிள்தான் பார்த்தார். காலி வீதிக் கடையொன்றில் முன்னால் கூடை வைத்த பெண்கள் சைக்கிளைக் காட்டினார்கள். நூறு யார் ஓடிவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். கடல் காற்றுக்கு எதிரே நிமிர்ந்து உட்கார்ந்து, அந்தப் பாரத்தை ஒன்பது கிலோமீற்றர் மிதித்தால், நீதிமன்றத்தில் வாயைத் திறக்க மூச்சிருக்காது. அவருக்கு வேண்டியது குனிந்து ஓடக்கூடிய, ஒற்றைக் கையால் தூக்கக்கூடிய பழைய ரகம். கொழும்புக் கடைகளில் அது வருவது நின்று பல காலம்.

நீதிமன்றத் தட்டெழுத்தாளர் ஒருவர் கொட்டாஞ்சேனை ஒஸ்வால்டின் பெயரைச் சொன்னார். துறைமுகத்தில் கிளார்க்காக இருந்தவர், இளமையில் பந்தயம் ஓடியவர். புதன்கிழமை நீதிமன்றம் கலைந்ததும் நேசமலர் அங்கே நடந்தார்.

ஒஸ்வால்டின் வீட்டு நடைபாதையில் மூன்று சைக்கிள்கள் சுவரோடு சாய்ந்து, பழைய படுக்கை விரிப்புகளால் போர்த்தியிருந்தன. அவருடைய மனைவி புளோறன்ஸ் குசினிக்குள்ளிருந்து குரல் கொடுத்தார்.

"மூணையும் கொண்டுபோங்க மிஸ். முப்பது வருசமா நான் பக்கவாட்டிலதான் நடக்கிறேன் இந்த வீட்டில."

"நீ பேசாம இரு புளோறி." ஒஸ்வால்ட் முதல் விரிப்பை உருவினார். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பிரெஞ்சுச் சைக்கிள். "இதுதான் மூத்தவ. பிரெஞ்சுக் கப்பல்ல வந்த இஞ்சினியர்கிட்ட வாங்கினது."

நேசமலர் காலைப் போட்டு நின்று பார்த்தார். குறுக்குக் கம்பி இடித்தது. அவருக்கு இருபத்தொரு அங்குலச் சட்டம் வேண்டும், இது இருபத்துமூன்று. ரயரை அழுத்திப் பார்த்தார். றிம்மில் பசை போட்டு ஒட்டும் வகை.

"இந்த ரயர் பஞ்சிகாவத்தைச் சாமான் கடைகளில இருக்கா?"

"பஞ்சிகாவத்தையில இல்ல, பாரிஸ்லதான் இருக்கும்" என்றார் ஒஸ்வால்ட்.

இரண்டாவது சிவப்பு. இன்றைக்கும் யாரும் திரும்பிப் பார்க்கும் சிவப்பு. தூக்கினால் காற்றைப்போல் வந்தது. சட்டம் சரியான உயரம். ஒஸ்வால்டின் முகமே மாறிவிட்டது. இதுதான் அவருடைய செல்லம். நேசமலர் உள்ளே திரும்பி, "அக்கா, தையல் நூல் ஒரு துண்டு தருவீங்களா?" என்று கேட்டார்.

பின்சக்கரம் பூட்டும் இடத்தில் நூலைக் கட்டி, முன்பக்கத் தலைக்குழாயைச் சுற்றிக் கொண்டுவந்து மறுபக்கத்தில் கட்டினார். நூலுக்கும் இருக்கைக் குழாய்க்கும் இடையிலுள்ள இடைவெளி இருபக்கமும் ஒரே அளவாக இருந்தால் சட்டம் நேர். இடப்பக்கம் ஒரு விரல் போனது. வலப்பக்கம் நகம்கூட நுழையவில்லை.

"அடிபட்டதா?"

ஒஸ்வால்ட் சிவப்புக் கம்பியைத் தடவினார். "எழுபத்தெட்டில. லொறி ஒண்டு. நிமித்தித்தான் பெயின்ற் பண்ணினது."

"சைக்கிள்ல அடிச்ச நம்பர் எங்க?"

"வழக்கம்போல அடியிலதான், மிதிகட்டைக்குக் கீழ. பெயின்றுக்குள்ள இருக்கும்."

மூன்றாவதை அவர் காட்டவே இல்லை. நேசமலர் தானே விரிப்பை எடுத்தார். மங்கிய நீலம். கம்பியெங்கும் துருப்புள்ளிகள், பெயர்த்தகடு விழுந்துவிட்டது, ஐந்து கியரில் மூன்றுதான் வேலை செய்தது. ஆங்கிலச் சைக்கிள், இருபத்தொரு அங்குலம். நூல் இருபக்கமும் சமமாக நின்றது. வெள்ளைக் கைலேஞ்சியை மூட்டுகளின் அடியில் ஓடவிட்டார். வெடிப்பு இருந்தால் துணி மாட்டும். மாட்டவில்லை. சக்கரத்தைச் சுற்றிவிட்டு இருக்கையில் காதை வைத்துக் கேட்டார். கரகரப்பு இருந்தது, கிறீஸ் போட்டால் போகும் வகை. ரயர் அளவு பஞ்சிகாவத்தையில் கிடைக்கும் அளவு.

இருக்கைக் கம்பு சட்டத்துக்குள் இறங்கும் மூட்டில், வெளிப்பார்வைக்கே, ஆறு இலக்கங்கள் ஆழமாக அடித்திருந்தன. 418096. நின்ற இடத்தில் நின்றபடி வாசிக்கலாம்.

"இதை எடுக்கிறன்."

"மிஸ், அது அவலட்சணம். விக்கவே வைக்கல. ஸ்பெயார் பார்ட்ஸ்க்கு வச்சிருந்தது."

"சைக்கிளைத் தலைகீழாக் கவிழ்க்காமல் நம்பர் காட்டலாம். நடுறோட்டில துவக்கோட ஒருத்தன் நிக்கேக்கை கவிழ்க்கிறது வில்லங்கம்."

ஒஸ்வால்ட் சிரித்தார். "நிறம் பாத்து எடுப்பாங்க, பேர் பாத்து எடுப்பாங்க. நம்பர் பாத்து எடுக்கிற முதல் ஆள் நீங்க."

பில் இல்லை. 1971 இல் வாங்கிய சைக்கிளுக்கு எங்கே பில்? நேசமலர் அதற்கும் வழி வைத்திருந்தார். அடுத்த நாள் ஒஸ்வால்டைப் புதுக்கடைக்கு வரச்சொல்லி, சமாதான நீதவான் ஒருவர் முன்னால் சத்தியக்கடதாசி முடித்தார். சிங்களம், தமிழ், ஆங்கிலம். மூன்றிலும் அந்த ஆறு இலக்கம், மூன்றுக்கும் சீல். ஒஸ்வால்ட் மூன்று தரம் கையெழுத்துப் போட்டுவிட்டு, "எங்க கல்யாணத்துக்குக்கூட ஒரு தரம்தான் போட்டேன்" என்றார்.

வெள்ளி தொடங்கி ஒன்பது நாள் கடற்கரை ரயில்பாதையை ஒட்டிய வீதியில் காலையில் பழகினார். முதல் நாள் தெகிவளை எல்லையிலேயே முழங்கால் பிடித்தது. இறங்கி உருட்டிக்கொண்டு வந்தார். ரொட்டிக் கடை வாசலில் நின்ற ஒருவர், "அன்ரி, ரேஸ் எப்ப?" என்று கேட்டார். "பத்தொன்பதாந் திகதி" என்றார் நேசமலர், நிற்காமல். ஐந்தாம் நாள் இறங்கவில்லை. எட்டாம் நாள் கடைக்காரரே நேரம் பார்த்துச் சொன்னார்: "நேற்றையவிட ரெண்டு நிமிசம் குறைவு அன்ரி!"

மார்ச் 18, ஞாயிறு. பிரேக் ரப்பர் வாங்கப் பஞ்சிகாவத்தைக்குப் பஸ்ஸில் போன நேசமலர் அப்படியே உறவினர் வீட்டில் மத்தியானம் தங்கிவிட்டார். திரும்பி வந்தபோது இருட்டியிருந்தது. சைக்கிள் கீழே, மாடிப்படிக்கு அடியில், துணி மூடி நின்றது. கணவர் வழக்கத்தைவிடச் சந்தோஷமாகத் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

திங்கள் காலை ஏழு மணிக்குத் துணியை எடுத்தார்.

சைக்கிள் கறுப்பாக நின்றது. மினுமினுவென்று புத்தம்புதுக் கறுப்பு. ஒரு துருப்புள்ளி இல்லை. கதிர்காமநாதன் பின்னால் வந்து நின்றார். விரல் நகங்களிலும் கறுப்பு.

"ரெண்டு கோற் அடிச்சனான். பள்ளம் இருந்த இடமெல்லாம் பட்டி வைச்சு, உரஞ்சி, அதுக்கு மேல. இப்ப பாத்தால் கடைச் சைக்கிள். ஒருத்தரும் திரும்பிப் பாக்கமாட்டாங்கள்."

நேசமலர் இருக்கை மூட்டில் விரலை ஓட்டினார். வழுவழுவென்றிருந்தது.

"நம்பர் எங்கை?"

"என்ன நம்பர்?"

கதிர்காமநாதன் எதையும் அரைகுறையாகச் செய்கிறவர் அல்ல. ஆறு இலக்கத்தையும் ஆறு கீறலென்று நினைத்து, பட்டியை நன்றாக அழுத்தி நிரப்பி, காயவைத்து, மட்டமாக்கியிருந்தார்.

"இந்தக் கொழும்பில பதினொரு வருசமா எங்களை ஒருத்தரும் பாக்கக்கூடாதெண்டு நான் படுற பாடு உமக்குத் தெரியுமே?" என்றார் கதிர்காமநாதன். "றேடியோவைக் கூட சத்தம் குறைச்சு வைக்கிறனான்."

"எனக்கு அவங்கள் பாக்கவேணும். பாத்து, நம்பரை ஒத்துப்பாத்து, போ எண்டு சொல்லவேணும்."

திருப்புளியை எடுத்துச் சுரண்டினார். பட்டி கல்லாகியிருந்தது. கால்மணி நேரத்தில் 4 வந்தது, 1 வந்தது, 8 இல் பாதி வந்தது. ஏழு இருபது. இனியும் நின்றால் சைக்கிள் எடுத்ததில் அர்த்தமில்லை. சேலையைப் பைக்குள் மடித்து வைத்து, சல்வாருடன் ஏறினார்.

முதலாவது சோதனைச் சாவடியில் பையைப் பார்த்து விட்டார்கள். இரண்டாவதில் அடையாள அட்டை, பொலிஸ் பதிவுத்தாள். மூன்று நிமிடம்கூட இல்லை. வழியில் 155 ஒன்று நின்றது. இறங்கிய ஆட்கள் வரிசையில் நின்று அவரைப் பார்த்தார்கள். கையசைக்கலாம் போலிருந்தது, அசைக்கவில்லை.

மூன்றாவது, மருதானையை அண்மிக்கும் இடத்தில். நேரம் எட்டு ஐந்து. இருபத்திரண்டு வயதிருக்கும் சிப்பாய் ஒருவன் சைக்கிளைச் சுற்றி வந்தான். நின்றான். குனிந்தான்.

"புதுப் பெயின்ற்" என்றான் சிங்களத்தில். "நம்பரைச் சுரண்டி அழித்திருக்கிறீர்கள்."

அப்போதுதான் நேசமலருக்கு உறைத்தது. காலையில் வெளியே கொண்டுவரச் சுரண்டியது, பார்க்கிறவன் கண்ணுக்கு அழிக்கச் சுரண்டியது போலத்தான் இருந்தது. சுரண்டாமலே வந்திருக்கலாம்.

"அழிக்கவில்லை தம்பி. தோண்டி எடுக்கிறேன்." சத்தியக்கடதாசியை நீட்டினார். "இதில் ஆறு இலக்கம் இருக்கிறது. அதில் இரண்டரை தெரிகிறது. மிச்சத்தை நீயே சுரண்டிப் பார். திருப்புளி என்னிடம் இருக்கிறது."

திருப்புளியை எடுத்ததும் அவன் ஓரடி பின்னால் போனான். சார்ஜன்ட் வந்தார். கடதாசியைப் படித்தார், சைக்கிளைப் பார்த்தார், அரை மணி நேரம் யார் யாருடனோ ரேடியோவில் பேசினார், மீண்டும் கடதாசியைப் படித்தார். இலக்கம் முழுமையாகத் தெரியாமல் விட முடியாது, பெரியவர் பிற்பகல்தான் வருவார், அதுவரை சைக்கிளும் அதில் வந்த நோனாவும் நிற்கவேண்டும் என்றார்.

எட்டு ஐம்பது.

"சைக்கிள் நிற்கட்டும்" என்றார் நேசமலர். நீதிமன்றச் சிங்களம், ஒவ்வொரு சொல்லும் முழுசாக வந்தது. "நான் ஒன்பதரைக்குப் புதுக்கடையில் சத்தியத்தின் பேரில் மொழிபெயர்க்க வேண்டும். இதோ என் உத்தியோக அட்டை. என்னையும் நிறுத்தினால், நிறுத்தியதற்குக் காரணத்தை எழுதி நீதவானுக்குக் கொடுங்கள், நான் கொண்டுபோகிறேன். சைக்கிளை மட்டும் நிறுத்தினால் எனக்குப் பற்றுச்சீட்டுத் தாருங்கள்."

"சைக்கிளுக்குப் பற்றுச்சீட்டா?"

"என்னிடம் ஒரு பொருளை எடுத்தால் எழுதித்தர வேண்டும்."

சார்ஜன்ட் அட்டையை இருபுறமும் பார்த்தார். பிறகு ஒரு கொப்பித் தாளைக் கிழித்தார். நேசமலர் சொல்லச் சொல்ல எழுதினார்: கறுப்பு நிற ஆண்கள் சைக்கிள் ஒன்று, தெரியும் இலக்கம் 41, அடுத்தது தெளிவில்லை. "தெளிவில்லை என்பதையும் போடுங்கள்" என்று நேசமலர் நின்று போடவைத்தார். திகதி, நேரம், கையெழுத்து.

பிறகு நடந்தார். நடை என்று சொல்ல முடியாது. கடையோர மூட்டைகளைத் தாண்டி, கைவண்டிகளை விலக்கி, பையைத் தோளில் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போனார். ஒன்பது இருபதுக்குப் பெண்கள் கழிப்பறையில் சேலையைச் சுற்றினார். ஒன்பதரைக்குக் கூண்டுக்குப் பக்கத்தில் நின்றார்.

வேலுசாமியை நான்காவதாகக் கூப்பிட்டார்கள். நேசமலர் குற்றப்பத்திரத்தைத் தமிழில் சொன்னார். "ஏதாவது சொல்ல இருக்கிறதா?" என்று நீதவான் கேட்டதைச் சொன்னார்.

"மொதலாளி கடுதாசி வச்சிருக்கேங்க. போன தடவையும் வச்சிருந்தேன். யாரும் கேக்கலீங்க."

நேசமலர் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார், 'யாரும் கேட்கவில்லை' என்பது உட்பட. நீதவான் கடிதத்தை வாங்கிப் படித்தார். எச்சரித்து விடுவித்தார். ஆறு நிமிடத்தில் முடிந்தது.

மதிய இடைவேளையில் கணவருக்குத் தொலைபேசி எடுத்தார்.

"சைக்கிளை மருதானையில வைச்சிருக்கிறாங்கள். நீங்கள் பூசினது. நீங்களே வந்து அழியுங்கோ."

"நான் அங்கை வந்து...?"

"நாலரைக்கு நிப்பன்." வைத்துவிட்டார்.

பதினொரு வருடத்தில் சோதனைச் சாவடியைக் கண்டால் மறுபக்க நடைபாதைக்கு மாறிவிடும் மனிதர் கதிர்காமநாதன். நாலே காலுக்கே அங்கே நின்றார். அயர்ன் பண்ணிய சட்டை. ஒரு கையில் அடையாள அட்டையும் பதிவுத்தாளும் பிளாஸ்ரிக் உறையில். மறுகையில் அரத்தாளும் ஒரு போத்தல் தின்னரும். தின்னர் மணத்துக்கு அவரையே முதலில் ஓரமாக நிறுத்தியிருந்தார்கள்.

நேசமலர் வந்ததும் சார்ஜன்ட் கேட்டார்: "பூசியது யார்?"

கதிர்காமநாதனுக்குச் சிங்களம் தெரியும். ஆனால் பயம் வந்தால் அவருக்குச் சிங்களம் போய்விடும். மனைவியைப் பார்த்தார்.

"தமிழிலை சொல்லுங்கோ. நான் சொல்லுறன்."

"நான்தான் பூசினது. பயத்தில பூசினது."

"நான்தான் பூசியது. பயத்தில் பூசியது" என்றார் நேசமலர் சிங்களத்தில். கூண்டில் நிற்கிறவருடைய 'நான்' முதலியாரின் வாயிலும் 'நான்' தான். கூட்டவும் குறைக்கவும் கூடாது.

"என்ன பயம்?"

"நீங்கள் பாத்துவிடுவீங்கள் எண்டு பயம். இந்த மனுசிக்கு எதைச் சொன்னாலும் கேக்காது. நேசம், இதையும் சொல்லும்."

நேசமலர் அதையும் சொன்னார், ஒரு சொல் விடாமல், முகத்தை மாற்றாமல். சார்ஜன்ட் முதலில் அவரைப் பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார். காலையில் நின்ற சிப்பாய் சிரிப்பை அடக்கத் திரும்பிக்கொண்டான்.

"உரஞ்சட்டும்" என்றார் சார்ஜன்ட்.

கதிர்காமநாதன் நடைபாதையில் குந்தினார். வேலை விட்டுப் போகும் கூட்டம் அவரைச் சுற்றி இரண்டாகப் பிரிந்து போனது. பஸ்களின் யன்னலெல்லாம் தலைகள். முதல் ஐந்து நிமிடம் தோளுக்குள் தலையைப் புதைத்துக்கொண்டு தேய்த்தார். பிறகு வேர்வை கண்ணுக்குள் இறங்கியது, சட்டைக் கையை மடித்தார். அரத்தாள் மாற்றினார். "கொஞ்சம் தள்ளி நில்லுங்கோ, வெளிச்சம் மறைக்குது" என்று தமிழிலேயே சிப்பாயிடம் சொன்னார். அவன் தள்ளி நின்றான்.

நாற்பது நிமிடம் ஆனது. 4, 1, 8, 0, 9, 6. மூட்டைச் சுற்றி உள்ளங்கையளவுக்குப் பழைய நீலமும் வெளியே வந்திருந்தது. சார்ஜன்ட் சத்தியக்கடதாசியைப் பக்கத்தில் பிடித்து, விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டு ஒத்துப்பார்த்தார். பற்றுச்சீட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.

"மிச்சக் கறுப்பையும் எடுக்கவோ?" என்று கதிர்காமநாதன் மனைவியிடம் கேட்டார்.

"வாற ஞாயிறு" என்றார் நேசமலர். "இண்டைக்கு நீங்கள் பஸ்ஸில போங்கோ. நான் இதில வாறன்."

அடுத்த நாள் செவ்வாய்க்கிழமை அவர் ஏழு பத்துக்குப் புறப்பட்டார். மூன்று சாவடிகளிலும் மறித்தார்கள். மொத்தம் பதினொரு நிமிடம். எட்டேகாலுக்கு நீதிமன்றத்தில் இருந்தார். அன்றைய பட்டியலில் தமிழ் வழக்குகள் ஏழு.